போ என்றால் வரும் நாய்

1991-ஆம் ஆண்டு, ஒன்பது வயதான என் மகளின் நாயை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், ஒரகடம் தாண்டி ஓர் ஏரிக்கரையில் விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, அவள் கேட்டைச் சாத்தாமல் விட்டதால் நாய் ஓடிவிட்டது என்று சொன்னேன். அவள் நம்பினாள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கவாதத்திலிருந்து (மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) மீண்டவன் எழுதியது என்று நினைத்துத்தான் நீங்கள் படிக்க வந்திருப்பீர்கள். இது அதுவும்தான். ஆனால் இந்தத் தவற்றை விட்டுவிட்டு என் நோயைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நாயின் பெயர் ஜிம்மி. அப்போது நாங்கள் ஸ்ரீபெரும்புதூரில் வாடகைக்கு இருந்தோம். ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு வேலை. உற்பத்தி லைனில் வரும் பொருளில் குறை கண்டுபிடித்துச் சிவப்பு அட்டை கட்டுவேன். வீட்டிலும் அதையேதான் செய்தேன். ஜிம்மியிடம் ‘சிட்’ என்பேன், உட்காராவிட்டால் பிரம்பு. நம் ஊரில் மனைவி மக்களோடு தமிழில் பேசுபவர்கள்கூட நாயிடம் மட்டும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். நானும் பேசினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மேலாளர் வீட்டுக்கு வந்தார். பெருமையாக ஜிம்மியை அழைத்து ‘சிட்’ என்றேன். அது நடுங்கிக்கொண்டே அவர் காலடியில் சிறுநீர் கழித்துவிட்டது. அவர் காலை நகர்த்திக்கொண்டு சிரித்தார். “லைன்ல ஆளுங்களும் உங்களப் பாத்தா இப்பிடித்தான் பண்றாங்களா?” என்று கேட்டார். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை ஏரிக்கரையில் இறக்கிவிட்டதும், ஜிம்மி மறுபடி ஜீப்பில் ஏற வந்தது. “போ” என்றேன். வாலை ஆட்டியது. குனிந்து கல் எடுத்தேன். “போ” என்று எறிந்தேன். கல் பட்டது.

என் மகள் மாலதி பல வாரங்கள் கேட்டில் நின்று சோற்றுத் தட்டைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். அதை நான் உள்ளே செய்தித்தாளை விரித்துக்கொண்டு கேட்டேன். என் மனைவிக்குக்கூட நான் உண்மையைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து மாலதிக்கு ஒரு பழக்கம். வெளியே போகும்போது கேட்டைத் தாழிடுவாள், நாலடி போவாள், திரும்பி வந்து தாழ்ப்பாளை அசைத்துப் பார்ப்பாள். மறுபடி போவாள், மறுபடி வருவாள். பள்ளிக்குப் போனபோதும் அப்படித்தான், மணமாகி, மண்ணூர் பக்கம் மனை வாங்கி வீடு கட்டி, கம்பெனியில் கணக்குப் பிரிவுக்குத் தலைவியான பிறகும் அப்படித்தான்.

என் மனைவி காலமான பிறகு நான் மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். மருமகனுக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி கடலில். அதனால் வீட்டில் நான், மாலதி, அவள் தெருவிலிருந்து எடுத்து வந்த ஒரு நாய். வறுத்த வேர்க்கடலை நிறத்தில் இருந்ததால் அதற்குக் கடலை என்று பெயர். நான் அதனிடம் அதிகம் ஒட்டவில்லை. ஒட்டுவதற்கு எனக்குத் தகுதியில்லை என்று நினைத்திருந்தேன்.

நோய் வந்தது சாதாரணமான ஒரு காலையில். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. என் வலது கையிலிருந்து காபி டம்ளர் விழுந்தது. நான் விடவில்லை, கை தன் பாட்டுக்கு விட்டுவிட்டது. மாலதி ஓடி வந்தாள். துணி எடுத்து வா என்று சொல்ல வாயைத் திறந்தேன். “போ” என்றேன்.

“சரி, போறேன். தொடைக்கலாம்னு வந்தா எதுக்கு இப்பிடி வெரட்டுறீங்க?” என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவளைக் கூப்பிட்டேன். அதுவும் “போ” என்றே வந்தது. இன்னொரு முறை முயன்றேன். அதே சொல். எனக்குள் வாக்கியம் முழுதாக இருந்தது. வாயில் மட்டும் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

தரையில் ஓடிய காபியைக் கடலை நக்க வந்தது. அதை அதட்டுவதற்காகத்தான் மாலதி திரும்பி வந்தாள். அப்போதுதான் என் வாய் ஒரு பக்கம் கோணியிருப்பதைப் பார்த்தாள். உங்கள் வீட்டில் யாருக்காவது வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். அவரோடு கோபமாக இருந்தாலும் திரும்பி வந்து ஒரு முறை முகத்தைப் பாருங்கள்.

நெடுஞ்சாலை ஓரத்து மருத்துவமனைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். படம் எடுத்து, மூளையில் இரத்தக்கட்டி என்று கண்டு, கரைக்கும் மருந்தை ஊசியாக ஏற்றினார்கள். உயிருக்கு ஆபத்து நீங்கியது. வலது கையும் காலும் மரத்துப்போய்க் கிடந்தன. மறுநாள் இளம் மருத்துவர் ஒருவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உங்க பேரு சொல்லுங்க ஐயா.”

“போ.”

பேனாவைக் காட்டினார். “இது என்ன?”

“போ.”

மாலதியைக் காட்டினார். “இவங்க யாரு?”

நான் அவளைப் பார்த்தேன். என்னென்னவோ சொல்ல நினைத்து, “போ” என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது.

“உங்களப் போகச் சொல்லலம்மா” என்றார் மருத்துவர். “இதுக்கு அஃபேசியான்னு பேரு (மூளையில் பேச்சைக் கையாளும் பகுதி அடிபட்டு, சொற்கள் கைக்கு எட்டாமல் போவது). நாம பேசறது அவருக்கு நல்லாப் புரியுது. சொல்ல வரும்போது சொல் கெடைக்கல. சில பேருக்கு ஒரே ஒரு சொல் மாட்டிக்கும். எதுக்கும் அதான் வரும்.”

“அது ஏன் டாக்டர் இந்தச் சொல்லு?”

“காரணம்லாம் தேடாதீங்க. எங்கிட்ட ஒருத்தருக்கு ‘செவ்வாக்கெழம’ன்னு மாட்டிக்கிச்சு.”

மருத்துவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் படுத்துக் கிடப்பவனுக்குக் காரணம் தேடுவதைவிட வேறென்ன வேலை? நான் தேடினேன். ஏரிக்கரை வரை போனேன். வாய் நிறையச் சொற்கள் இருந்த காலமெல்லாம் மாலதியிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன். கேட் விஷயத்தில் நீ தப்பு செய்யவில்லை என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். இப்போது சொல்லியே தீர வேண்டும் என்று தோன்றியபோது என்னிடம் அந்த ஒரு வாக்கியம் இல்லை.

இதற்கு நடுவிலும் வேடிக்கைகள் நடந்தன. ஆர்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்த உறவினர்களை எல்லாம் நான் “போ, போ” என்று வரவேற்றேன். ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் வாசலோடு நின்று, “அண்ணனுக்கு இன்னும் அந்த எடத்துக் கேஸ் மனசுல இருக்குது போல” என்று முணுமுணுத்துவிட்டுப் போனானாம். அவனைப் பார்த்ததில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரமம். காலுக்கு இயன்முறைப் பயிற்சி. வாய்க்குப் பேச்சுப் பயிற்சி. பேச்சுப் பயிற்சியாளர் நல்ல பெண். படஅட்டைகளைக் காட்டி, “இது மாடு. சொல்லுங்க, மா… டு” என்பார். நான் “போ” என்பேன். “இல்ல ஐயா, இன்னொரு தடவை” என்பார். ‘இல்ல’ என்று அவர் மென்மையாகத்தான் சொல்வார். எனக்கு அது சிவப்பு அட்டை கட்டுவதாகக் கேட்டது. ஆயுள் முழுக்க மற்றவர்கள் மேல் கட்டியது இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பி வருகிறது என்று நினைத்தேன். ஒருநாள் அட்டைகளை இடது கையால் தள்ளிவிட்டேன். பிறகு வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டேன்.

சாப்பிடும்போது மட்டும் அடக்க முடியாது. இடது கைக்குப் பழக்கமில்லாததால் இட்லி பாதி வழியில் கீழே விழும். எரிச்சலில் “போ” என்பேன். மறுபடி ஒரு விள்ளல் எடுப்பேன், அதுவும் விழும். “போ!” இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரத்தில் கடலை ஒரு தொல்லையாகிவிட்டது. வருகிறவர்கள் மேல் தாவியது. ஊன்றுகோலோடு நின்ற என்னை ஒருமுறை சாய்த்தே விட்டது. அக்கம்பக்கத்தார் முணுமுணுத்தார்கள். மாலதி ஒரு நாய்ப் பயிற்சி வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தாள். எங்கள் மனைப்பிரிவிலேயே விற்காமல் கிடந்த மனைகளில், ஞாயிறு காலைகளில் வகுப்பு. என்னைத் தனியே விட முடியாததால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு என்னையும் கூட்டிப் போனாள்.

பயிற்சியாளர் ஜெசிந்தா, மண்ணூர்க்காரப் பெண். கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்துவிட்டு, வேலையை விட்டு முறையாக இதைக் கற்று வந்தவள். அவள் குரல் நெடுஞ்சாலை வரை கேட்கும். முதல் நாளே சட்டம் சொல்லிவிட்டாள்.

“அடி கெடையாது. அதட்டல் கெடையாது. கழுத்த நெரிக்கிற சங்கிலி கெடையாது. தப்பு பண்ணா கண்டுக்காதீங்க. சரியா பண்ற நொடியப் புடிங்க. புடிச்ச ஒடனே ‘டிக்’. அப்புறம் தீனி.”

விரலால் அழுத்தினால் ‘டிக்’ என்று சத்தம் போடும் ஒரு சின்ன டப்பியை ஆளுக்கொன்று கொடுத்தாள். நீ இப்போது செய்தாயே அது சரி என்று நாய்க்கு அந்தச் சத்தம் சொல்லுமாம். லஞ்சம் என்று நினைத்துக்கொண்டேன். சொல்ல முடியாததால் அந்த அபிப்பிராயம் என்னோடேயே இருந்தது. பேச்சு இல்லாததில் சில நன்மைகளும் உண்டு.

மனைக்கற்களுக்கு நடுவே எட்டுப்பத்து நாய்களும் அவற்றின் ஆட்களும் வரிசையில் நிற்பார்கள். நாய்கள் கல் கல்லாகப் போய்க் காலைத் தூக்கும். ஒருவர் ‘சிட்’ என்றால் வேறொருவரின் நாய் உட்காரும். ‘கம்’ என்றால் எல்லா நாயும் எல்லாரிடமும் போகும். பக்கத்துத் தெரு செல்வி, நாங்குநேரிக்காரி, நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் தன் பொமரேனியனோடு வருவாள். அவள் மட்டும் ஆங்கிலம் பேச மறுத்துவிட்டாள். “ஏட்டி, சும்மா இருக்கியா, இல்லியா?” என்றால் அந்தக் குட்டி நாய் அப்படியே உறைந்துவிடும்.

ஏழுமலை என்று ஒரு லைன் சூப்பர்வைசர். ஆள் மலைபோல, அவன் லாப்ரடாரும் மலைபோல. டைசன் என்று பெயர். பிளாஸ்டிக் பை காற்றில் பறந்தால் டைசன் அவன் கால்களுக்கு இடையில் ஒளிந்துகொள்ளும். ஒரு ஞாயிறு வகுப்பு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் எல்லா நாய்களும் தத்தம் ஆட்களை இழுத்துக்கொண்டு ஏழுமலையைச் சூழ்ந்துகொண்டன.

“பேண்ட் பாக்கெட்ல இன்னா வச்சினு கீற?” என்றாள் ஜெசிந்தா.

“நெத்திலிக் கருவாடு மேடம். தீனி எட்த்தாரச் சொன்னீங்கோ. டைசனுக்கு அதான் புடிக்கும்.”

“டைசனுக்கு மட்டுமா புடிக்குது? பாரு, மொத்த கிளாசும் உன் பேண்ட்டுலதான் கீது!”

அவன் பாக்கெட்டை உதறிக்கொண்டே ஓட, நாய்கள் துரத்த, மாலதி உட்பட எல்லாரும் கயிற்றோடு பின்னால் ஓடினார்கள். கடலையும் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓடியது. நான் நாற்காலியில் குலுங்கினேன். என் வாயின் வலது ஓரமும் சேர்ந்து அசைந்ததை அப்போதுதான் உணர்ந்தேன்.

அன்று ஓடிக் களைத்து வந்த ஏழுமலை ஃபிளாஸ்கிலிருந்து எனக்குத் தேநீர் ஊற்றி நீட்டினான். “சார், குடிங்க சார். கையில கருவாடு வாசன வரும், கண்டுக்காதீங்கோ.”

நன்றி என்று சொல்லப்போய், “போ” என்றேன்.

மனையின் மறுகோடியில் மாலதியோடு நின்ற கடலை சட்டென்று தலையைத் திருப்பியது. அவள் கையிலிருந்த கயிற்றை உருவிக்கொண்டு, டைசனைத் தாண்டி, செல்வியின் பொமரேனியனைத் தாண்டி, தரையில் சிதறிக் கிடந்த கருவாட்டையும் தாண்டி, நேராக ஓடி வந்து என் முன்னால் உட்கார்ந்து என் இடது கையையே பார்த்தது.

மூச்சிரைக்க வந்த ஜெசிந்தா, “கருவாட்டத் தாண்டி வந்துகீது!” என்றாள். “இன்னாத்தச் சொன்னீங்க சார்? இன்னொரு தபா சொல்லுங்க.”

மாலதி கடலையைத் தூரத்தில் இழுத்துப் போனாள். நான் “போ” என்றேன். மறுபடியும் பறந்து வந்தது.

“யாரு கத்துக்குடுத்தது இத?”

மாலதி யோசித்தாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “இட்லி!” என்றாள். “அப்பா கையிலேருந்து இட்லி விழும். ஒவ்வொரு தடவையும் ‘போ’ன்னு சொல்வாரு. இது வந்து தின்னும். தெனம் மூணு வேள!” சொல்லிவிட்டுச் சிரித்தாள். மருத்துவமனைக்குப் போன நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்துச் சிரித்து ஒரு மனைக்கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

“நாய்க்கு அகராதி கெடையாது சார்” என்றாள் ஜெசிந்தா. “அந்தச் சத்தத்துக்குப் பின்னால இன்னா வருதோ அதான் அர்த்தம். உங்க வூட்ல ‘போ’ன்னா சாப்பாடு. நீங்கதான் சார் இங்க பஸ்ட்டு. அடுத்த வாரத்துலேருந்து நீங்களும் கயிறு புடிக்கிறீங்க.”

ஜிம்மிக்கு ‘போ’வின் பின்னால் என்ன வந்தது என்பது எனக்கு மட்டும் தெரியும். ஆனாலும் அந்த நொடியில் மகிழ்ச்சியாகவே இருந்தேன். நான் சொன்ன ஒரு சொல்லுக்கு ஓர் உயிர் ஓடி வந்திருக்கிறது. சொல்லை யாரும் திருத்தவில்லை.

அதன் பின் வந்த மாதங்களை என் வாழ்வின் நல்ல மாதங்களில் சேர்ப்பேன். மற்றவர்கள் ‘கம்’ என்று கூப்பிட்டு எல்லா நாய்களையும் குழப்பிக்கொண்டிருக்க, என் ‘போ’வுக்கு ஒரே ஒரு நாய் தவறாமல் வந்தது. அடுத்து, உட்கார வைக்க ஒரு சொல் வேண்டும். “எந்தச் சத்தமா இருந்தாலும் பரவால்ல சார். தெனமும் ஒரே மாதிரி இருந்தாப் போதும்” என்றாள் ஜெசிந்தா. கையை உயர்த்திக்கொண்டே முக்கி முக்கி “உ” என்றேன். கடலை உட்கார்ந்தது. டிக். தீனி. “உ.” உட்கார்ந்தது. சில வாரங்களில் அது “உக்” ஆனது. பிறகு ஒரு காலை என் வாயிலிருந்து “உக்காரு” என்று முழுதாக விழுந்தது. கடலைக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்குத்தான் உடம்பு சிலிர்த்தது.

பேச்சுப் பயிற்சிக்குத் திரும்பப் போனேன். நடந்ததை மாலதி விவரித்தபோது பயிற்சியாளர் உற்சாகமாகிவிட்டார். படஅட்டைகளை ஓரம் வைத்துவிட்டு, “நாய்கிட்ட சொல்ல வேண்டிய சொல்லுங்களையே எடுத்துக்கலாம்” என்றார். இரு. படு. எடு. விடு. இல்ல. ஒவ்வொன்றையும் அங்கே பிடித்து இங்கே கடலையிடம் ஓட்டிப் பார்ப்பேன்.

கைக்கும் வேலை வந்தது. ஈரலை வேக வைத்துச் சிறு துண்டுகளாக்கி, மரத்துப்போன வலது உள்ளங்கையில் மாலதி வைப்பாள். விரல்களை நான் மூட வேண்டும், திறக்க வேண்டும். கடலை பொறுமையாக நக்கும். முதலில் அது நக்குவதைக் கண்ணால்தான் அறிவேன். ஒருநாள் கண்ணை மூடியிருந்தபோது ஏதோ வெதுவெதுப்பாக, சொரசொரப்பாக, ஈரமாக இருந்தது. கண்ணைத் திறந்தேன். அது என் கை. அவ்வளவு தூரத்திலிருந்து என் கை எனக்குச் செய்தி அனுப்பியிருந்தது. இயன்முறை மருத்துவர், “உங்க வீட்டு பிசியோவுக்கு நாலு காலு சார், எனக்கு ரெண்டுதான். போட்டி போட முடியாது” என்றார்.

வகுப்பின் கடைசிக் கட்டம், கேட் பயிற்சி. கேட் திறந்து கிடந்தாலும் நாம் சொல்லும்வரை நாய் தாண்டக் கூடாது. அவரவர் வீட்டில் திறந்த கேட்டில் பழக்கிவிட்டு வர வேண்டும் என்றாள் ஜெசிந்தா.

“எங்க வீட்ல வேணாம்” என்றாள் மாலதி.

“ஏன் மேடம்? கடலதான் இப்ப சொன்ன பேச்சு கேக்குதே.”

“கேட்டத் தொறந்து வைக்க என்னால முடியாது. ஒம்பது வயசுல ஒரு தடவ நான் சாத்தாம விட்டுட்டேன். எங்க ஜிம்மி போயிடுச்சு. அப்புறம் வரவேயில்ல.” சாதாரணமாகத்தான் சொன்னாள். அத்தனை வருடங்கள் சொல்லிப் பழகிய குரல்.

“ஒம்பது வயசுல யாரு தாப்பா போடுவா? அதெல்லாம் ஒரு தப்பா?” என்றாள் செல்வி.

“தப்புதான்” என்றாள் மாலதி.

நான் நாற்காலியில் இருந்தேன். கையில் ஈரல் துண்டுகள். இதைச் சொல்லாமல் இருக்க என்னிடம் அழகான சாக்கு ஒன்று இருந்தது. நான் நோயாளி, எனக்குப் பேச்சு வராது. யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை.

“இல்ல” என்றேன்.

மாலதி திரும்பினாள். “என்னப்பா?”

“கேட்… நீ… இல்ல.” ஊன்றுகோலைப் பற்றி எழுந்தேன். சொற்கள் ஒவ்வொன்றையும் தேடிப் போய் எடுத்து வர வேண்டியிருந்தது. “ஜிம்மி… ஓடல. நான். ஜீப். ஏரி… விட்டேன். கல்லு. நான்… நான்… போ.”

கடலை வந்துவிட்டது. அந்தச் சொல்லைக் கேட்டதும் எப்போதும்போலப் பறந்து வந்து என் காலருகே உட்கார்ந்து, வாலால் மண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தது. ஒரு துண்டைக் கொடுத்தேன். கொடுக்காமல் இருக்கக் கூடாது.

செல்வி பொமரேனியனைத் தூக்கி அணைத்துக்கொண்டாள். ஏழுமலை குனிந்து, சரியாக இருந்த டைசனின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தான். மாலதி கடலையின் கயிற்றை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டவன் ஏழுமலைதான். வாசலில் நின்று, “நீங்க க்யூசிதானே சார்? ரிஜெக்ட் பீச ரீவொர்க் பண்ண வுடுவீங்கல்ல?” என்றான். குறைப்பட்ட பொருளைத் திருத்தி மறுபடி லைனில் சேர்க்க என் காலத்தில் நான் விட்டதில்லை. அதைச் சொல்லச் சொல் கிடைக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த வாரம் மாலதி வேளைக்கு மாத்திரை கொடுத்தாள், சோறு போட்டாள், பேசவில்லை. பேசாதவர்களோடு இருப்பது எப்படி என்பதை அவள் என்னிடம் ஏற்கெனவே பழகியிருந்தாள். எனக்குத்தான் அது புதிது. அடுத்த ஞாயிறு காலை வகுப்புக்கு உடுத்தியவள், காரைத் திறந்து கடலையைப் பின்னால் ஏற்றினாள். “எந்த ஏரி?” என்றாள்.

ஒரகடம் சாலையில் போனோம். நான் விட்ட இடம் எனக்கு நன்றாக நினைவிருப்பதாகவே இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். அங்கே ஒரு கம்பெனியின் மதில் ஓடியது; ஓடிக்கொண்டே இருந்தது. கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. மதில் முடிந்த இடத்தில் ஏரியில் மிச்சமிருந்த பகுதி, கொஞ்சம் கரை. இதுதான் என்று சொல்ல முடியவில்லை. இருக்கலாம் என்று கையைக் காட்டினேன்.

இறங்கி நின்றோம். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

“நாய விட்டீங்க. சரி. அது உங்க கோவம்” என்றாள் மாலதி. “என் மேல ஏன்ப்பா போட்டீங்க?”

இதற்கு நான் பல வருடங்களாகப் பதில்கள் தயாரித்து வைத்திருந்தேன். எல்லாம் நீளமானவை. இப்போது என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். “பயம்” என்றேன். “நீ… என்ன… எப்பிடி… பாப்ப.”

“எனக்கு ஒம்பது வயசுப்பா.”

தலையாட்டினேன். வலது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அந்தப் பக்கம் மரத்துப்போனது இன்னும் முழுதாக விலகாததால் வழிவது தெரியவில்லை. அவள்தான் துப்பட்டாவால் துடைத்தாள், கொஞ்சம் அழுத்தமாகவே.

அதோடு தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஜிம்மிக்கு நான் செய்யக்கூடியது எதுவுமில்லை. இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டுதான் வாழ வேண்டும்.

அவள் காரிலிருந்து பயிற்சிக்கான நீளக் கயிற்றை எடுத்துக் கடலைக்கு மாட்டினாள். கரை மேல் அதை நடத்திக்கொண்டு வெகுதூரம் போனாள். அங்கே நின்று, “கூப்பிடுங்க!” என்று கத்தினாள்.

பேச்சுப் பயிற்சியில் அந்த மாதம் ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதை இதுவரை யாரிடமும் சொல்லிப் பார்த்ததில்லை. உதடுகளைச் சேர்த்தேன், பிரித்தேன்.

“மாலா… வா.”

கடலை அசையவில்லை. அதற்கு அந்தச் சொல் தெரியாது. காதை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றது. மாலதிதான் வந்தாள். கயிறு இழுபட, நாய் வராமல் அடம்பிடிக்க, அதையும் இழுத்துக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாத முகத்தோடு பாதிக் கரை வரை வந்து நின்றாள்.

“அதுக்கு அதோட சொல்லச் சொல்லுங்கப்பா! என்னால இழுக்க முடியல!”

“போ!” என்றேன்.

கடலை அவளை இழுத்துக்கொண்டு ஓடி வந்தது.

இதெல்லாம் நடந்து கொஞ்ச காலம் ஆகிவிட்டது. இப்போது என்னால் சிறு வாக்கியங்கள் பேச முடிகிறது. இந்தக் கட்டுரையை இடது கை விரல் ஒன்றால், மாலதியின் பழைய செல்பேசியில் அடித்தேன். வலது கை பாதி என்னுடையது. கோபம் வந்தால் இன்றும் முதலில் ‘போ’தான் வருகிறது. உடனே ஒரு நாய் வந்து உட்கார்ந்துவிடுவதால் கோபத்தைத் தொடர முடிவதில்லை.

முன்பெல்லாம் எனக்குக் காலம் என்பது ஷிப்ட். மணியடித்தால் தொடங்கும், மணியடித்தால் முடியும். இப்போது ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, அது போய்ச் சேர்ந்து, அங்கிருந்து ஏதாவது வரும்வரை காத்திருப்பதுதான் என் காலம். அது எவ்வளவு நீளமாக இருந்தாலும் எனக்கு அவசரமில்லை.

கேட் பயிற்சியை எங்கள் வீட்டிலேயே செய்தோம். தினமும் காலை கேட்டை அகலத் திறந்து வைத்து, உள்ளே நான், வெளியே தெருவில் மாலதி, நடுவில் கடலை. முதலில் மாலதிதான் கேட்டைப் பிடித்த கையை விடவில்லை. “இரு” என்பேன். கடலை இருக்கும். டிக்.

போன வாரம் ஒரு காலை, மாலதி வேலைக்குக் கிளம்பினாள். நான் உள்ளே படுக்கையில் இருந்தேன், கடலை என் காலடியில். கேட் சாத்தும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. செருப்புச் சத்தம் நாலடி போனது. நின்றது. நானும் கடலையும் தலையைத் தூக்கினோம்.

தாழ்ப்பாள் மறுபடி அசையவில்லை. ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

என்னிடம் டிக் டப்பி இருந்தது. அழுத்தினேன்.